வாய்க்காலும் அதன் காலங்களும்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்டிருக்கும் கேள்வி அப்படிப்பட்டது. திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில், பேட்டவாய்த்தலை தொடங்கி வாழவந்தான்கோட்டை வரை, முதியவர்களைப் பேசவைத்து எடுத்த நாற்பது மணி நேர ஒளிப்பதிவை ஒரு வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டும், பார்ப்பவர் வாய்க்காலின் மேல் விரலை வைத்தால் அந்த இடத்துக்குரிய பேச்சு வர வேண்டும், ஜி.ஐ.எஸ். என்னும் புவியியல் தகவல் அமைப்பு மென்பொருளில் இதற்கொரு வசதி இருக்குமல்லவா என்று இரண்டே வரியில் கேட்டுவிட்டாய். வசதி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி என்று மூன்று எண்களைக் கொடுத்து வரைபடத்தில் குண்டூசி குத்தினாற்போலப் பதித்துவிடலாம். உன் பேரனே ஒரு பிற்பகலில் செய்து கொடுப்பான். அப்படிச் செய்யாதே என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. மரகதத்துக்கு இடது கண்ணில் புரை நீக்கியாயிற்று. இப்போது காலை நாளிதழ் எனக்கு இரண்டாவதாகத்தான் கிடைக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் புவியியல் தகவல் அமைப்புகள் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் மென்பொருளை என்னைவிட வேகமாகக் கையாளுகிறார்கள். ஆனால் நேற்று இருந்து இன்று இல்லாமல் போன குளத்தை வரைபடத்தில் எப்படிக் காட்டுவாய் என்று கேட்டால், அந்த அடுக்கை அழித்துவிடுவேன் என்கிறார்கள். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று படித்த ஊரில் இப்படி ஒரு பதில்.

உன் தொழில் படத்தொகுப்பு என்பதால், உனக்குப் பிடிக்கும் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆண்ட்ரூ லிப்மன் தலைமையில் ஒரு குழு, கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் என்னும் மலையூரின் தெருக்களையெல்லாம் படமெடுத்து லேசர் வட்டில் ஏற்றியது. காரின் மேல் நான்கு திசைகளையும் நோக்கிய 16 மி.மீ. கேமராக்கள். நீயும் நானும் அறிந்த சினிமா கேமரா கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நொடிக்கு 24 படம் எடுக்கும். ஆஸ்பென் கேமராக்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காரோடு இணைத்த ஒரு சைக்கிள் சக்கரம் பத்து அடி உருண்டதும் ஒரு படம் எடுத்தன. கார் நின்றால் படமும் நிற்கும். ஆகவே அந்தப் படச்சுருளில் அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இருப்பது நேரமன்று, பத்து அடி மண். பார்ப்பவர் தொடுதிரையில் விரலை வைத்து இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, நில் என்று சொல்லச் சொல்லப் படம் அதன்படி ஓடியது. நொடிக்கு 30 படம் என்று ஓட்டினால் 300 அடி. மணிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வலம் போகலாம்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. வெயிலும் நிழலும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறிவிடக் கூடாதென்று அவர்கள் தினமும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைக்குள் மட்டும் படமெடுத்தார்கள். இடத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுவதற்காகக் காலத்தை மறைத்தார்கள் என்று பொருள். பிறகு அதே காலத்தை இன்னொரு வழியாக உள்ளே அழைத்தார்கள்: இலையுதிர் காலத்துத் தெருவில் நிற்கும்போதே அதே இடத்தைப் பனிக்காலத் தெருவாக மாற்றிப் பார்க்கலாம், சில கட்டடங்களைத் தொட்டால் பழைய புகைப்படங்கள் வரும். தண்ணீர் ஓடும் வாய்க்காலும் வறண்ட வாய்க்காலும் உனக்கு அந்த இரண்டு பருவங்கள். ஆடியில் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் அதே கரையில், ஒரே உயரத்தில் கேமராவை வைத்து, இத்தனை மீட்டருக்கு ஒன்று என்று எடுத்துவிடு. இடத்தைக் குறிக்க அட்சரேகை வேண்டாம். தலைமதகிலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஒற்றை எண் போதும். பாசனத் துறையினர் மதகுகளை அப்படித்தான் காலங்காலமாக எண்ணுகிறார்கள்.

ஆனால் பேச்சு அப்படியன்று. தெருவைப் பத்து அடிக்கொன்றாக நறுக்கலாம். ஒரு பாட்டியின் பேச்சைப் பத்து அடிக்கொன்றாக நறுக்க முடியாது. படம் தன் நேரத்தைப் பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடும், பேச்சு ஒப்படைக்காது. பல்லூடகமும் வரைபடமும் சேரும் இடத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. இணையப் பக்கங்களில் ஒலியையும் படத்தையும் ஒருங்கிணைப்பதற்காக 1998-இல் வந்த ஸ்மில் என்ற மொழியில் இரண்டு சொற்கள் அடிப்படை: இவை இணையாக ஓடட்டும், இவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடட்டும். பார்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வரை அது போதும். அவர் பாதிப் பேச்சில் விரலை இரண்டு கிலோமீட்டர் கீழே இழுத்துவிட்டால், பேச்சு அறுபட வேண்டுமா, தொடர வேண்டுமா, தூரம் கூடக்கூடத் தேய்ந்து மறைய வேண்டுமா? மென்பொருள் இதற்கு விடை சொல்லாது. நீதான் முடிவு செய்ய வேண்டும். வாய்க்கால் படம் விரலோடு போகட்டும், பேச்சு அதன் வாக்கியம் முடியும் வரை போகட்டும் என்பேன் நான்.

இப்போது தேதிக்கு வருகிறேன். நீ அனுப்பிய மாதிரிப் பதிவில் ஒரு மூதாட்டி என்ன சொல்கிறார் என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். 1977 வெள்ளம் என்ற ஒன்றைத் தவிர ஆண்டு என்று அவர் எதையுமே சொல்லவில்லை. மதகு வேலை முடிந்த கையோடு தண்ணீர் விட்டார்கள்; அந்த முறைத் தண்ணீர் ஓடிய பத்து நாளும் மகள் பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்த காலத்துக்குள் அடக்கம். இதில் எந்தத் தேதியை எடுத்து எந்தக் கட்டத்தில் நிரப்புவாய்? யாரோ ஒருவர் 1979 என்று உத்தேசமாக எழுதிவிடுவார். அடுத்த நாளிலிருந்து அது வரலாறு ஆகிவிடும்.

இதற்கு ஒரு வழி 1983-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த கணினியியலாளர் ஜேம்ஸ் ஆலன், இரண்டு கால நீட்சிகளுக்கு இடையே இருக்கக்கூடிய உறவுகள் மொத்தம் பதிமூன்றுதான் என்று வரையறுத்துக் காட்டினார். முந்துவது, தொடுவது, மேற்கவிவது, உள்ளடங்குவது, ஒன்றாகத் தொடங்குவது, ஒன்றாக முடிவது ஆகிய ஆறும், அவற்றைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் ஆறும், சரிசமமாக இருப்பது ஒன்றும். நீ நாற்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறாய்: கட் என்றால் தொடுவது, டிசால்வ் என்றால் மேற்கவிவது, ஒரு காட்சிக்குள் சின்னக் காட்சியைச் செருகினால் உள்ளடங்குவது. ஆலனுடைய முறையில் தேதி வேண்டியதில்லை; உறவுகளை மட்டும் எழுதி வைத்தால், அவற்றிலிருந்து புதிய உறவுகளைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மதகு வேலை தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீர் மகள் தங்கிய காலத்துக்குள் அடங்குகிறது. அப்படியானால் மதகு வேலைக்கும் மகள் தங்கியதற்கும் என்ன உறவு? பதிமூன்றில் பத்து கழிந்துபோய் மூன்றே மிஞ்சும். வேலை அவள் வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம், வந்த அன்றே தொடங்கியிருக்கலாம், அல்லது வந்த பிறகு. நாளை அடுத்த தெருக்காரர் ஒருவர், மதகில் ஆள் இறங்கியபோது அந்தப் பெண் இன்னும் மாமியார் வீட்டில்தான் இருந்தாள் என்று சொன்னால், ஒன்று மட்டும் நிற்கும். ஊரார் நினைவு கோர்க்கப்பட்டிருக்கும் முறையும் இதுதான். 1977 நவம்பர் என்ற ஓர் ஆணியை மட்டும் நாள்காட்டியில் அடித்துவிட்டு, மற்றவற்றை அதனோடு கயிற்றால் கட்டிவிடு.

இடத்துக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புவியியல் தகவல் ஆய்வாளர் மேக்ஸ் எகன்ஹோஃபரும் அவரோடு பணியாற்றியவர்களும், இரண்டு நிலப்பரப்புகள் ஒன்றையொன்று எப்படித் தொடும் என்பதை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உட்பகுதி, எல்லை, வெளிப்பகுதி என்று மூன்று; மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது சந்திப்புகள்; ஒவ்வொன்றும் காலியாகவோ காலியில்லாமலோ இருக்கலாம் என்பதால் 512 வாய்ப்புகள். ஓட்டையில்லாத, ஒரே துண்டான பரப்புகளுக்கு அவற்றில் எட்டுதான் உண்மையில் நடக்கக்கூடியவை. இந்த எட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் இருப்பதைக் கடக்காமல் தாவ முடியாது என்பதுதான் நமக்கு வேண்டியது. வெள்ளத்தின் பரப்பு நகர்ந்து நகர்ந்து வருகிறது என்றால், விலகியிருந்த தெருவை முதலில் தொட்டாக வேண்டும். தொட்ட பிறகுதான் கவியும். இரவு எட்டு மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வெளியே, விடிந்ததும் தெருவின் மேல் என்று இரண்டே படங்கள் இருந்தாலும், இடையில் ஒரு கணம் கரையும் வாசற்படியும் தொட்டுக்கொண்டு நின்றன என்று சொல்லிவிடலாம். உன் முதியவர்கள் எல்லாரும் அந்தக் கணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், கவனித்தாயா? தண்ணீர் எப்போது முதல் படியை நக்கியது என்று.

ஸ்வீடனின் லுண்ட் நகரத்துப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்டையும் சொல்லாமல் விட மனமில்லை. தரையை ஒரு தளமாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்து, ஒவ்வொரு மனிதனும் ஒரு நாளில் நகர்வதை மேலேறும் ஒரு கோடாக வரைந்தவர் அவர். கோடுகள் சில மணி நேரம் ஒரே இடத்தில் கொத்தாகச் சேர்ந்து ஏறுவதுதான் சந்திப்பு. உன் படித்துறைப் பதிவுகளைக் கேட்கும்போது, விடியற்காலையில் அப்படி ஒரு கொத்து எனக்குத் தெரிகிறது.

என் பழைய பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடத்தை மூன்று ஆண்டுகள் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். புதிய எல்லை வந்ததும் பழையதன் மேலேயே பதித்தோம். பிறகு ஒரு வழக்கில், முன்பு எல்லை எங்கே இருந்தது, அது மாறியதாக நீங்கள் எப்போது பதிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். நிலத்தில் மாறிய நாள் ஒன்று, நம் கணினிக்குத் தெரியவந்த நாள் இன்னொன்று. இரண்டுமே எங்களிடம் இல்லை. உனக்கு மூன்றாவதும் உண்டு: பார்ப்பவர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். ஆகவே நிகழ்ந்தது எப்போது, சொன்னது எப்போது என்ற இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுது. ஒரே முதியவர் ஆறு மாதம் கழித்து மாற்றிச் சொன்னால் முந்தையதை அழிக்காதே, பக்கத்தில் வை.

சேமிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கெடுப்பின் 900-ஆம் ஆண்டையொட்டி, 1986-இல் பி.பி.சி. நாட்டையே 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, பள்ளிப் பிள்ளைகளிடமும் ஊர்க்காரர்களிடமும் எழுத்தும் படமும் வாங்கி லேசர் வட்டில் ஏற்றியது. அந்தக் காலத் தொலைக்காட்சித் திரையின் விகிதமும் நான்குக்கு மூன்றுதான். பங்கேற்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பதினைந்து ஆண்டுகள் கழிந்தபோது அந்த வட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாகிப் போய், லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி அதை மீட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தோலில் எழுதிய 1086-ஆம் ஆண்டுப் புத்தகமோ இன்றும் திறந்தால் படிக்கக் கிடைக்கிறது. உன் உறவுப் பட்டியலை மென்பொருளின் வயிற்றுக்குள் மட்டும் வைக்காமல், வெறும் எழுத்துக் கோப்பாகவும் அச்சிட்ட தாளாகவும் வைத்துக்கொள்.

அடுத்த வாரம் ஐந்து பதிவுகளை மட்டும் அனுப்பு. வெட்டிச் சீர் செய்தவை வேண்டாம். கேமராவை நிறுத்தச் சொல்லி அவர்கள் கையை ஆட்டும் வரை உள்ளவற்றை அப்படியே அனுப்பு. அந்த மதகு எந்தப் பக்கக் கரையில் இருக்கிறது என்றும் எழுது. மூதாட்டி ‘இந்தப் பக்கம்’ என்று கை காட்டுகிறார், சட்டகத்தில் கை தெரியவில்லை.

அன்புடன்,
உன் சுந்தரம்