12 நாள் பயணத்துக்காக 3 மாதம் முழங்காலில் நின்றவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் ஜெபக்குழுவினருக்கும் ஸ்தோத்திரங்கள்.

குறுகிய கால மிஷனெரிப் பயணம் முடிந்து எங்கள் குழுவினர் ஏழு பேரும் சுகமாகத் திரும்பிவிட்டோம். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி, சபையைக் கூட்டி, தேவன் செய்தவற்றை அறிவித்தார்கள் அல்லவா? அப்படியே நாங்களும் சாட்சி சொன்னோம். ஆனால் புறப்படுவதற்கு முன்பு நீங்கள் எங்களுக்குச் செய்ததை அந்தச் சாட்சியில் யாருமே சொல்லவில்லை. அந்தக் குறை என்னை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

போதகர் ஐயா, முதல் கூட்டத்துக்குப் பயணத் திட்டம் எழுதிய நோட்டுப் புத்தகங்களோடு வந்தோம். நீங்களோ வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறக்கச் சொன்னீர்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலைப் பற்றி நெகேமியா கேள்விப்பட்டது யூதரின் கிஸ்லேவு மாதம். அதைக் கட்டப் போக பெர்சிய ராஜாவிடம் விண்ணப்பம் செய்தது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். அலங்கத்தைக் கட்டி முடிக்க ஆனதோ 52 நாள்தான். "நீங்கள் போவது 12 நாளுக்கு. அதற்கு முன் எத்தனை நாள் ஜெபிப்பீர்கள்?" என்று கேட்டீர்கள். செய்ய வேண்டிய வேலை அவ்வளவு கிடக்கிறதே என்று எனக்கு அன்று வருத்தமாக இருந்தது. மூன்று மாதம் விடாமல் வாராவாரம் எங்களை உட்காரவைத்தீர்கள். நன்றி ஐயா.

எங்களுக்கு வேத தியானம் நடத்திய அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? நெகேமியா அந்த ஜெபத்தில் "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று தன்னையும் சேர்த்து அறிக்கையிட்டதை நீங்கள்தான் காட்டினீர்கள். பிறகு மத்தேயு 5:23, 24-ஐ வாசிக்க வைத்து, ஒப்புரவாக வேண்டியவர்களின் பெயரை அவரவர் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். நான் என் அண்ணன் பெயரை எழுதினேன். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்தத் தாளை ஒன்பது நாள் மடித்தே வைத்திருந்தேன். நீங்கள் ஒருமுறைகூட "பேசினாயா?" என்று கேட்கவில்லை, எனக்காக உபவாசம் இருந்தீர்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. பத்தாம் நாள் அழைத்தேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அண்ணன் அதிகம் பேசவில்லை. "சரி, பத்திரமாகப் போய்விட்டு வா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் நான் பயணம் புறப்பட்டேன். அது இல்லாமல் அங்கே போய் மன்னிப்பைப் பற்றிப் பேச எனக்கு நாவு எழுந்திருக்காது.

ஜெபக்குழுவின் மூத்த ஐயாவே, இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரியின் கதையைச் சொல்லி எங்கள் ஆசையைச் சரிப்படுத்தினீர்கள். அவர் வங்காளத்துக்கு வந்தது 1793-இல். முதல் ஆத்துமாவாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு வருடம்! "எண்ணிக்கையோடு திரும்பி வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். அங்கேயே இருக்கும் ஊழியர்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டு போங்கள்" என்றீர்கள். ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கப் பழக்கினீர்கள். போய் இறங்கியதும், எங்களை வரவேற்க நின்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்தோம். ஒரு சகோதரரின் கண்கள் கலங்கிவிட்டன. போதிக்க வந்தவர்களாக அல்ல, விருந்தினராக, உதவியாளராக அங்கே இருக்க முடிந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

பயணச் செலவுக்குக் கொடுத்தவர்களுக்கும், எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், அனுப்பும் ஆராதனையில் எங்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்த மூப்பர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஒன்பதாம் நாள் என் உள்ளம் வறண்டுபோயிருந்தது. உடல் சோர்வு, ஜெபிக்க வார்த்தை வரவில்லை. விடியுமுன் எழுந்து, எந்த மணிக்கு யார் எங்களுக்காக ஜெபிப்பார் என்று எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருந்த ஜெபச் சங்கிலித் தாளை எடுத்துப் பார்த்தேன். நான்கு மணிக்கு நேரே ஓர் அம்மாவின் பெயர். படுக்கையைவிட்டு எழுவதே அவருக்குப் பாடு என்பது நம் சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்காக அவர் விழித்திருக்கிறார் என்ற நினைவு வந்ததும் அழுதேன். அப்புறம் ஜெபிக்க முடிந்தது. அம்மா, அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன்.

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அங்கே தொடர்ந்து உழைக்கும் ஊழியர் ஒருவரின் பெயரை எழுதிவருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்