ஆய்வு மாணவருக்கு எழுத்துருவையும் சொல்லிக்கொடுங்கள்

ஐயா,

நான் பகுதிநேரமாக முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வு செய்பவள். காலையில் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டதும் பம்பலப்பிட்டியில் 154 பஸ் பிடித்து, தும்முல்லையில் இறங்கி, தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு நடப்பேன். கோ. நடேசையர் ‘தேசபக்தன்’ நடத்திய 1920களின் தமிழ்ப் பத்திரிகைகள்தான் என் ஆய்வு. அந்தக் காலத்துத் தாளை இரண்டு கையாலும் தாங்கித்தான் புரட்ட வேண்டும். ஓரம் பொடிப்பொடியாக உதிரும்.

அண்மையில் ஆய்வு மாணவருக்கென்று இரண்டு நாள் திறன்விருத்திச் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். நேர முகாமைத்துவம், மேடையில் பேசுவது, மன அழுத்தம் என்று எல்லாம் சொன்னார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் தமிழில் ஆய்வேடு எழுதுபவர் எங்கே முட்டிக்கொள்வார் என்பது அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

என் முதல் இரண்டு அத்தியாயங்களையும் கடையொன்றில் கொடுத்துப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வித்திருந்தேன். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவருடைய கணினியில் பாமினி இல்லை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நின்றதாம். “என்ன பிள்ளை, இது எந்த மொழி?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அண்ணா ஒருவர்தான் காப்பாற்றினார். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது பெரிய வேலையில்லை, ஆனால் இடையில் உள்ள ஆங்கில நூற்பெயர்களை முதலில் பிரித்து வைக்காவிட்டால் அவையும் சேர்ந்து வாயில் நுழையாத தமிழ் எழுத்துகளாகிவிடும் என்றார். நான் அவர் சொன்னபடி பிரித்து வைக்காமல் ஒரு தடவை செய்துபார்த்து, நூற்பட்டியல் முழுவதையும் திரும்ப அடித்தேன். பிளேன்டீ குடித்தபடி அவர் அரை மணித்தியாலத்தில் சொல்லித்தந்தது, அந்த இரண்டு நாளிலும் கிடைக்காதது.

இன்னொன்று, நூற்பட்டியலைத் தானே அமைத்துத் தரும் மேற்கோள் மென்பொருள். என் தமிழ் நூற்பட்டியலில் இரண்டு ஆசிரியர் பெயர்களுக்கு நடுவில் அது ‘அண்ட்’ என்று ஆங்கிலத்தில் போடுகிறது. கையால் திருத்தினால் அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி வந்து உட்காருகிறது. இதற்கு ஏதோ வழி இருக்கத்தான் வேண்டும், சொல்லித்தர ஆள் இல்லை.

பல்கலைக்கழகங்களில் உள்ள தமிழ் ஆசிரியர்கள் இதற்காக ஒரு நாள் ஒதுக்கலாம். அல்லது 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஒரு ஞாயிறு காலையில் இடம் தரலாம். மடிக்கணினியும் தங்கள் அத்தியாயமும் கொண்டு வந்தால் போதும். பேச்சாளர் கிடைக்கவில்லை என்றால் அந்த அச்சக அண்ணாவை நான் கூட்டி வருகிறேன். ஞாயிறு அவருக்கு விடுமுறை.

இங்ஙனம்,
ஓர் ஆய்வு மாணவி,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.