நைட் டூட்டிக்கு முந்திக்கொண்டு வரும் பையனைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஏற்காடு விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் ரிசார்ட், காட்டேஜ், ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களா நடத்துகிறவர்களுக்கும், அங்கே மேனேஜராகவும் சூப்பர்வைசராகவும் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சேலத்தில் போதை மீட்பு சிகிச்சையில் மனநலச் செவிலியராக வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் உங்கள் இடங்களில்தான் சமையல், தோட்ட வேலை, ரூம் சர்வீஸ் என்று இருக்கிறார்கள். அந்த உரிமையில், மூக்கில் உறிஞ்சும் போதைப்பொடியான கோகைன் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

ஏற்காடு முழுக்க கோகைன் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம். கோகைன் 0.10 சதவீதம்தான், ஆயிரத்தில் ஒருவர். எங்களிடம் வருகிறவர்களிலும் குடியால் வருகிறவர்களே அதிகம், அப்புறம் கஞ்சா, வலி மாத்திரை. கோகைன் விலை கூடிய சரக்கு. கையில் காசு உள்ளவர்கள் கூடும் இடம் தேடித்தான் அது போகும். மலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வந்து, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று படம் எடுத்து, மிளகும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. காட்டேஜை மொத்தமாக எடுத்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொள்ளும் சில கூட்டங்களோடுதான் அது மேலே ஏறுகிறது. அந்தக் கூட்டம் ஞாயிறு சாயங்காலம் கீழே போய்விடும். மேலேயே இருப்பவர்கள் உங்கள் பையன்கள். எனக்குக் கவலை முதலில் அவர்களைப் பற்றி.

ஒரு காட்டேஜில் வேலை பார்த்த பையனை அவன் அம்மா எங்களிடம் அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயதுப் பையன். விருந்தாளிகள் டிப்ஸோடு சேர்த்து மிச்சம் மீதி கோகைனையும் கொடுத்துப் பழக்கிவிட்டிருந்தார்கள். அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். "எப்பப் பாத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பானுங்க. குளிருதுன்னு நெனச்சேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தா ரெண்டு நாளும் தூங்குவான், எழுப்பினா எரிஞ்சு விழுவான். வேலை அலுப்புன்னு நெனச்சேன். சம்பளம் கூடக் கொடுக்கறாங்கன்னு சொன்னான், ஆனா கையில ஒரு ரூபா நிக்காதுங்க." ஒரு டாக்டர் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் அந்த அம்மா ஏற்கெனவே பார்த்திருந்தார். இவையெல்லாம் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்று அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவனுடைய சூப்பர்வைசரும் உடன் வந்திருந்தார், நல்ல மனிதர். அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "எங்க டீம்லயே சுறுசுறுப்பான ஆளுங்க. நைட் டூட்டின்னா அவனே முந்திக்கிட்டு வருவான்."

இங்கேதான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். குடித்தவன் தள்ளாடுவான், வாடை வீசும், நாக்குக் குழறும். கஞ்சா இழுத்தவனுக்குக் கண் சிவக்கும், பசி எடுக்கும். கோகைன் இதற்கெல்லாம் நேர்மாறாகத் தெரியும். ஆள் தெளிவாக நிற்பான், வேகமாகப் பேசுவான், தன்னம்பிக்கை பொங்கும், தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். கோகைன் அந்த வழியை அடைத்துவிடுவதால் இன்பமும் உற்சாகமும் தேங்கி நிற்கின்றன. தொடக்கத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கு இது நல்ல வேலைக்காரனின் லட்சணமாகவே படும். அதனால், வழக்கமாக அமைதியாக இருக்கும் ஒருவன் திடீரென்று ஓயாமல் பேசுகிறான், ராத்திரி முழுக்க விழிக்கிறான், மெஸ்ஸில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறான் என்றால், பாராட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்து நேரத்தைக் கவனியுங்கள். மூக்கில் உறிஞ்சினால் சில நிமிடங்களில் ஏறும், பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்கியதும் மறுபடி தேடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகிறார்கள். போகும்போது சோர்ந்த முகம், வரும்போது பளிச்சென்ற முகம். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே ஷிப்டில் பார்த்துவிடலாம். பெரிதாக எடுத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் முழுத் தலைகீழ்: அடித்துப் போட்ட மாதிரி தூக்கம், அசுரப் பசி, எதைக் கேட்டாலும் எரிச்சல், அப்புறம் பிடிப்பே இல்லாத ஒரு வெறுமை. அந்த வெறுமையில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது. ஆளைத் தனியாக விடக் கூடாத நேரம் அது.

ஏற்காட்டுக்கென்று சில எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பனியில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகாது? மார்கழியில் பாதி ஊர் சளியோடு திரியும். மூக்கு உறிஞ்சுவதை மட்டும் வைத்து ஒருவரையும் சந்தேகப்படாதீர்கள். ஆனால் சளிக்காய்ச்சல் ஏதும் இல்லாமல் மாதக்கணக்கில் மூக்கு ஒழுகுவதும், அடிக்கடி ரத்தம் வருவதும், "மாஸ்டர், குழம்புல வாசனையே தெரியல" என்று சொல்வதும் வேறு கதை. கோகைன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நாள்பட்டால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையே விழலாம். கண்ணும் அப்படித்தான். மங்கலான அறையில் எல்லோருக்கும் கண்மணி விரிந்துதான் இருக்கும். நல்ல வெயிலில் முற்றத்தில் நிற்கும்போதும் கறுப்பு வட்டம் பெரிதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். தாடையை இறுக்கிப் பல்லை நறநறப்பது, குளிரிலும் வியர்ப்பது, கை நடுங்குவது, சட்டை தொளதொளவென்று ஆகுமளவு மெலிவது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தேகப்படுவது, தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிச் சொறிந்து புண்ணாக்குவது, இவையும் கூட வரும். கூடவே பணம். அட்வான்ஸ் கேட்டுக்கொண்டே இருப்பான், சமையல்காரரிடம் கடன், செக்யூரிட்டியிடம் கடன், ஒருநாள் செல்போன் அடகுக்குப் போயிருக்கும்.

இதில் எது ஒன்றும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. தைராய்டு கோளாறிலும் ஆள் மெலியும், படபடக்கும். காதல் தோல்வியிலும் தூக்கம் போகும். பல அறிகுறிகள் ஒன்றாகச் சேர்ந்து, சில வாரங்களாக, ஆளையே மாற்றிக்கொண்டு வந்தால்தான் பேச வேண்டும். ரூம் சுத்தம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழாய் மாதிரி சுருட்டிய ரூபாய் நோட்டு, துண்டாக வெட்டிய ஸ்ட்ரா, சுவரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டிய ஏடிஎம் கார்டு, விரல் நகம் அளவு ஜிப் கவர், இவை கிடந்தால் கையால் தொடாமல், முகர்ந்தும் பார்க்காமல் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பொடியில் எது எது கலந்திருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது.

இப்போது விருந்தாளிகள் விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் உயிர் போகும்.

இருபத்தைந்து வயது ஆள் ராத்திரி ஒரு மணிக்கு "நெஞ்சு வலிக்குது" என்றால் கேஸ் ட்ரபிள் என்று சொல்லி இஞ்சி டீ போட்டுக் கொடுக்கிறோம். கோகைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 24 மடங்கு வரை கூடுவதாக 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வயது சின்னது என்று இதயம் விட்டுவைக்காது. கூடவே குடியும் இருந்தால் ஈரலில் இரண்டும் சேர்ந்து கோகாஎத்திலீன் என்ற பொருள் உண்டாகிறது. அது உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும், இதயத்துக்கு இன்னும் கெடுதல். நெஞ்சு வலி, வலிப்பு, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல், தொட்டால் சுடும் உடம்பு, ஆள் யார் என்றே தெரியாத குழப்பம், இதில் எது வந்தாலும் உடனே 108.

அந்த வண்டி வரும் வரை நம் ஊரில் செய்யும் தவறுகள் சில உண்டு. குளிர் ஊர் என்பதால் கம்பளியைப் போர்த்திவிடுகிறோம். கோகைன் அதிகமானால் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் துடையுங்கள். போதை தெளியட்டும் என்று எலுமிச்சைச் சாறும் கட்டன் காபியும் புகட்டுகிறோம். முழு நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு நின்றுவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். சுற்றி இருக்கும் பொருள்களை நகர்த்திவிட்டு, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கத்திக்கொண்டு சுற்றுகிறவரை நாலு பேர் சேர்ந்து குப்புற அமுக்குவது மிக ஆபத்து. பாட்டை நிறுத்தி, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட வந்த நண்பர்கள், அவர்களும் குடித்திருப்பவர்கள், "நாங்களே சேலம் கொண்டு போயிடறோம்" என்று காரை எடுக்க விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, பனி, ராத்திரி. வழியில் இதயம் நின்றால் யார் என்ன செய்ய முடியும்? ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் கீழே அனுப்பட்டும். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், "கோகைன் எடுத்திருக்கலாம் என்று நினைக்கிறோம்" என்று. அதைப் பொறுத்து எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதே மாறும்.

நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போலீஸ், கேஸ், பத்திரிகை, லைசென்ஸ். என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 25-வது பிரிவை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்த அறிந்தே அனுமதிக்கும் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. "அறிந்தே அனுமதித்தால்" என்பதைக் கவனியுங்கள். உயிருக்குப் போராடுகிறவருக்கு 108-ஐக் கூப்பிடுவது அனுமதிப்பது ஆகாது. தெரிந்தும் கண்டுகொள்ளாமல் அடுத்த வாரமும் அதே கூட்டத்துக்கு அதே காட்டேஜைத் திறந்துவிடுவதுதான் உங்களை மாட்டிவிடும். விற்கிற ஆள் நடமாட்டம் தெரிந்தால் 1933 என்ற தேசிய உதவி எண்ணில் தகவல் சொல்லலாம்.

பையன்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் இரக்கமாகவே இருக்கிறது. அதே சட்டத்தின் 64A பிரிவின்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை ஒருவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு உண்டு. கோகைனுக்குச் சிறு அளவு என்பது 2 கிராம் வரை. பாதியில் சிகிச்சையை விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இது நம் ஊரில் பலருக்கும் தெரியாது. தெரியாததால்தான் பையனை ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பினால் அவன் எங்கே போவான்? இன்னொரு காட்டேஜுக்கு.

அவனிடம் பேசுங்கள். ஏறியிருக்கும்போது பேசாதீர்கள், எல்லோர் முன்னாலும் பேசாதீர்கள், பெட்டியைக் குடைந்துவிட்டுப் பேசாதீர்கள். ஒரு காலை நேரம், டீ குடித்த பிறகு, தனியாக. "நீ பவுடர் அடிக்கிறியாமே?" என்று ஆரம்பித்தால் "இல்லண்ணா" என்பதோடு முடிந்துவிடும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "தம்பி, ஒரு மாசமா நீ சரியா சாப்பிடறதில்லை. ரெண்டு தடவை மூக்குல ரத்தம் வந்ததை நானே பார்த்தேன். உன்னை வேலையை விட்டு அனுப்பக் கூப்பிடலை. டாக்டர்கிட்ட போகலாம், நானும் வர்றேன்." முதல் தடவை மறுப்பான். கோபப்படுவான். விடுங்கள், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதையிலிருந்து மீள 14446, மனம் உடைந்து நிற்கிறவர்களுக்கு இரவும் பகலும் 14416, தமிழிலேயே பேசலாம். கோகைன் பழக்கத்தை நிறுத்தவென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. பேச்சுவழி சிகிச்சைதான், அது பலன் தருகிறது. ஆனால் மாதங்கள் ஆகும், நடுவில் ஒன்றிரண்டு தடவை சறுக்கவும் செய்யும். அந்த மாதங்களில் அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், பார்ட்டி நடக்கும் காட்டேஜ் பக்கம் டூட்டி இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் உங்களால் மட்டும்தான் தர முடியும். நான் மேலே சொன்ன பையனை அவன் சூப்பர்வைசர் நர்சரிச் செடிகள் பக்கம் மாற்றிவிட்டார். வாரா வாரம் கவுன்சிலிங்குக்குப் பஸ் ஏற்றியும் விடுகிறார்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். ரிசப்ஷனிலும் சமையலறையிலும் இந்த எண்களைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் ஆட்களை ஒரு மதியம் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ரூம் பாய்கள், சமையல்காரர்கள், செக்யூரிட்டி, டிரைவர்கள், எல்லோரையும். நானும் எங்கள் கவுன்சிலரும் பஸ்ஸில் வந்துவிடுகிறோம், காசு எதுவும் வேண்டாம். வார நாளாகப் பார்த்து வைத்தால் உங்களுக்கும் வசதி.

இப்படிக்கு,
ஒண்டிக்கடையில் பிறந்த ஒரு செவிலியர்
சேலம்