பெசன்ட் நகர் கடற்கரையில் அழுத தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன்னைக் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் வயதில் பலர் இதே நிலையில் இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளைப் பார்த்ததிலிருந்து உனக்கு மீன் குழம்பு இறங்கவில்லை என்று சித்தி சொன்னார். அதோடு நிற்கவில்லை. வயநாடு நிலச்சரிவு, காசாவின் குழந்தைகள் என்று எல்லாவற்றையும் நள்ளிரவு வரை போனில் பார்க்கிறாய். "நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவதே தப்பு மாதிரி இருக்குக்கா" என்று எழுதியிருந்தாய்.

உன் துக்கத்தில் ஒரு தப்பும் இல்லை, அது எனக்கும் உண்டு. ஆனால் குற்ற உணர்ச்சி வேறு. அது வந்துவிட்டால் ஆமை பின்னால் போய்விடுகிறது. "நான் நல்லவளா, கெட்டவளா" என்ற விசாரணைதான் ராத்திரி முழுக்க நடக்கிறது. அந்த விசாரணையால் கடலில் எதுவும் மாறுவதில்லை.

அந்த ஆமைகள் எப்படிச் செத்தன என்று பார். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். முட்டையிட அது கரையை நெருங்கும் மாதங்களில், விசைப்படகுகள் இழுவைமடி என்ற பை போன்ற பெரிய வலையைக் கட்டி மணிக்கணக்கில் இழுக்கின்றன. மடிக்குள் சிக்கிய ஆமை மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஒதுங்கிய உடல்களில் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது அதனால்தான். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இந்தப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மடியில் கம்பித் தடுப்பு வைத்து ஆமையை மட்டும் வெளியே விடும் கருவியும் இருக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. கொஞ்சம் மீனும் அதன் வழியே போய்விடும் என்று படகுக்காரர்கள் மாட்டத் தயங்குகிறார்கள். டீசல் கடனில் ஓடும் தொழிலில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதை ஈடுகட்டுவதும், சட்டத்தை அமல்படுத்துவதும் அரசின் வேலை.

இதில் உன் தட்டு எங்கே வருகிறது? கொஞ்சம் வருகிறது. எல்லா மீனும் ஒரே மாதிரி பிடிபடுவதில்லை. கடல் இறாலில் பெரும்பங்கு இழுவைமடியில் வருவது. அதை வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. தூண்டிலில் பிடித்த மீனை விற்கும் குப்பத்து அம்மாவிடம் வாங்குவதை நிறுத்தினால் யாருக்கு என்ன லாபம்? விசைப்படகுகள் கரையோரம் வருவதை எதிர்த்துப் பல காலமாகக் குரல் கொடுப்பதே அந்தச் சிறு படகுக்காரர்கள்தான்.

அப்புறம், நடந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி. 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரை - பெசன்ட் நகர் கரையில் ஒவ்வொரு பருவத்திலும் இரவில் நடக்கிறார்கள். மணலில் ஆமை வந்துபோன தடத்தைப் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு வரும். தெருவிளக்கைப் பார்த்து ஊருக்குள் போய்விடாமல் அவற்றைக் கடலில் விடுகிறார்கள். பெரிதாக வளர்வது ஆயிரத்தில் ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். 2025-லும் அவர்கள் நடந்தார்கள். செத்த உடல்களைக் கணக்கெடுத்த கையோடு முட்டைகளையும் எடுத்தார்கள். கரையோரத்தில் எடுத்த அப்படியான கணக்குகள் இல்லாவிட்டால் இது செய்தியாகியிருக்காது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து இதைக் கையில் எடுத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

காசாவுக்கும் வயநாட்டுக்கும் நடப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். உன்னால் முடிந்த பணத்தை அவர்களுக்கு அனுப்பு, அரசை நோக்கிக் கேட்க வேண்டியதைக் கேள். ஆனால் எல்லாக் கரையிலும் நீயே நடக்க முடியாது. ஒரு கரையை எடுத்துக்கொள். அதைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள், வருஷா வருஷம் போ. மற்ற துக்கங்கள் மனதில் இருக்கட்டும். அவற்றுக்காகத் தூக்கத்தைக் கொடுக்காதே. தூங்காதவளால் விடியும்வரை மணலில் நடக்க முடியாது.

பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நடைக்குக் கூட்டிப்போவார்கள். இந்த ஜனவரியில் நம் இருவர் பெயரையும் கொடுத்துவிடு. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா