பொத்தான் போனிலும் அணை நீர்மட்டம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பாபநாசம் அணையின் முழு மட்டமான 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்காமல் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவ மாட்டேன். பல வருஷமாக அதைப் பார்ப்பது நோக்கியா பொத்தான் போனில், ஓபரா மினி என்ற இணைய உலாவி வழியாகத்தான். ஸ்ரீபெரும்புதூரில் செய்த போன். அந்த ஆலையை 2014-லேயே மூடிவிட்டார்கள். போன் இன்னும் உழைக்கிறது.

போன ஐப்பசி மழையில் நனைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி இரண்டு நாள் காயவைத்துப் போட்டேன். பேச முடிந்தது, இணையம் மட்டும் வரவில்லை. ஏதோ சான்றிதழ் செல்லாது என்று காட்டியது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தால், கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இத காயலாங்கடையில போடுங்க, எட்டாயிரத்துக்கு டச் போன் இருக்கு" என்றார்கள். எட்டாயிரம் எனக்கு உரமும் உழவுக்கூலியும்.

என் தங்கச்சி மகன்தான் கண்டுபிடித்தான். "மாமா, தேதியப் பாத்தியளா? பத்து வருஷம் பின்னால நிக்கு" என்றான். பேட்டரியைக் கழற்றியதில் தேதி மாறியிருக்கிறது. தேதி பின்னால் நின்றால், இணைப்பு உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழுக்கு இன்னும் நாள் வரவில்லை என்று போன் தள்ளிவிடுமாம். தேதியைத் திருத்தினான். கையோடு 4-ஆம் பதிப்பாக இருந்த ஓபரா மினியை 8-ஆம் பதிப்பாக மாற்றினான். ஜாவா செயலிகள் ஓடும் இந்த மாதிரி பொத்தான் போனுக்கான அந்தக் கோப்பு ஒரு எம்பிகூட இல்லை. அவன் கம்ப்யூட்டரில் இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி, போனில் திறந்ததும் பதிந்துகொண்டது. காசு செலவில்லை.

பக்கத்தைத் திறந்து சுருக்கும் வேலையை ஓபரா நிறுவனத்தின் சர்வரே செய்து அனுப்புவதால் 2ஜி சிக்னலே போதும். இடையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதால் பேங்க் கடவுச்சொல்லை மட்டும் அதில் போடக்கூடாது, நான் போடுவதில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் பலர் கையிலும் இப்படிப்பட்ட போன்தான். கடைக்காரர்கள் காயலான் என்று சொல்லுமுன் தேதியையும் பதிப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அணை நீர்மட்டத்தையும், கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் அறிவிப்பையும் வெளியிடுவோர் பிடிஎஃப் ஆகவும் படமாகவும் மட்டும் போடாமல், நாலு வரி எழுத்தாகவும் போட வேண்டும். என் போனில் பிடிஎஃப் திறக்காது. படத்தைச் சுருக்கினால் எண் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பத்தமடை.