பெரிய மாமாவின் உயில் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

பெரிய மாமா தம் உயிலில் உன்னை நிறைவேற்றுநராக, அதாவது அதில் சொன்னபடி செய்துமுடிக்கும் பொறுப்பாளராக, நியமித்திருப்பதை நான் தொலைபேசியில் சொன்னபோது, சென்னையில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) இனிக் கட்டாயமில்லையாமே, பிறகு எதற்கு நீதிமன்றம் என்று கேட்டாய். நீ படித்தது சரிதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் இந்துக்களும் வேறு சில சமயத்தாரும் எழுதிய உயில்களானாலும், அந்நகரங்களிலுள்ள வீடு, மனை பற்றிய உயில்களானாலும், புரொபேட் வாங்காமல் அவற்றை வைத்து நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்று அது சொன்னது. மதுரையில் வீடு வைத்திருப்பவருக்கு இல்லாத சுமை மயிலாப்பூரில் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் என்பது நியாயமான கேள்விதான்; 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கட்டாயம் போனதே தவிர வழி அடைபடவில்லை. விரும்பும் நிறைவேற்றுநர் இன்றும் மனுச் செய்யலாம். நீ செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் சாட்சிகள். உயிலில் கையெழுத்திட்ட இருவரில் டாக்டர் இறந்துவிட்டார். மற்றவர் எதிர்வீட்டுக்காரர், எண்பதைத் தாண்டியவர், நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. மாமா கையெழுத்திட்டதைத் தாம் பார்த்ததாகவும், மாமாவின் முன்னிலையில் தாமும் கையெழுத்திட்டதாகவும் அவர் இன்று பிரமாணப் பத்திரம் தர முடியும். மனுவோடு அதை இணைத்துவிட்டால் உயிலை மெய்ப்பிக்கும் வேலையில் பாதி முடிந்தது. நாம் சும்மா இருந்து, சில ஆண்டுகள் கழித்துச் சின்ன மாமா வழக்குப் போட்டால், அப்போது கையெழுத்துகளை அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும். உயில் பதிவு செய்யப்பட்டதுதானே என்று நீ நினைக்கலாம். பதிவு பலம் சேர்க்கும், மெய்ப்பிக்கும் பொறுப்பை நீக்காது.

சின்ன மாமாவை நான் குறை சொல்லவில்லை. மாமாவுக்கு மனைவி மக்கள் இல்லாததால், உயில் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களான எங்கள் மூவருக்கும் வீட்டில் சமபங்கு வந்திருக்கும். மாமாவோ, கடைசிவரை தம்மைப் பார்த்துக்கொண்ட சித்தி மகளுக்கு வீட்டை எழுதி, வைப்புத்தொகையை மற்ற மருமக்களுக்குப் பிரித்திருக்கிறார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துவிடுவேன், சித்தியும் கொடுப்பாள். சின்ன மாமா கொடுக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. அவருக்கு நீதிமன்ற அறிவிப்புப் போகும், தம்மைக் கேட்காமல் புரொபேட் தரக்கூடாது என்று அவர் கேவியட் போடலாம், அப்படிப் போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறி இருதரப்புச் சாட்சியமும் விசாரிக்கப்படும். காலம் பிடிக்கும்தான். ஆனாலும் அவருடைய சந்தேகத்தை அவர் நீதிபதியின் முன் சொல்லித் தீர்த்துக்கொள்வது, கல்யாண வீடுகளில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட மேல். புரொபேட் கிடைத்துவிட்டால் அது உயிலின் உண்மையைப் பொறுத்தவரை எல்லோரையும் கட்டுப்படுத்தும். வங்கி, சார்பதிவாளர், பட்டா மாற்றும் அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் சித்தி மகள் தனித்தனியே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைப்புத்தொகையில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு நாமினி சின்ன மாமா. இறந்தவர்களின் கணக்குகளைத் தீர்க்கும் வங்கி மேசையில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், நாமினிக்குப் பணம் கொடுத்ததும் வங்கியின் கடமை முடிந்துவிடும், ஆனால் அதனால் பணம் நாமினிக்குச் சொந்தமாகிவிடாது. உயிலின்படி உரியவர்களுக்கு அது சேர வேண்டும், அதை அவரிடம் கேட்கும் பொறுப்பு உன்னுடையது. தாட்சண்யம் பார்க்காமல், மரியாதையாக, எழுத்தில் கேள்.

மனுவில் மாமா இறந்த நாள், இணைத்திருப்பது அவருடைய கடைசி உயில் என்பது, அது முறைப்படி எழுதப்பட்டது என்பது, உன் கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, நீயே உயிலில் சொல்லப்பட்ட நிறைவேற்றுநர் என்பது ஆகியவை இருக்க வேண்டும். அசல் உயிலை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். மற்றவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். சொத்துப் பட்டியலை மட்டும் அவரிடம் விட்டுவிடாதே, கடன்களையும் சேர்த்து நாமே தயாரிப்போம்.

நிறைவேற்றுநர் என்பதால் உனக்கு அந்தச் சொத்தில் ஒரு ரூபாயும் சொந்தமில்லை என்பதை நீ அறிவாய், உறவினர் சிலர் அறியமாட்டார்கள். கொடுக்கும் வரிசையையும் சட்டமே வகுத்திருக்கிறது: முதலில் இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும், பிறகு புரொபேட் செலவு, அதன்பின் இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலைக்காரர்களுக்குத் தர வேண்டிய சம்பளம், அதற்கும் பிறகே மற்றக் கடன்கள். சமையற்கார அம்மாவுக்கு மாமா மருத்துவமனையில் இருந்த மாதங்களின் சம்பளம் பாக்கி இருக்கிறது. உயிலில் அவர் பெயர் இல்லை என்றாலும் மாமாவின் மருமக்கள் பங்குக்கெல்லாம் முன்னால் வருவது அதுதான். புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவுசெலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், இன்றே ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு ரசீதையும் அதில் ஒட்டத் தொடங்கியிருக்கிறேன்.

டொரன்டோவில் இருப்பது தடையல்ல. மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அதுவும் முடியாதென்றால், மாநிலத்தில் இல்லாத நிறைவேற்றுநரின் முகவருக்கு, நிறைவேற்றுநர் தாமே புரொபேட் பெறும் வரைக்கும், உயில் இணைத்த நிர்வாக அதிகாரப் பத்திரம் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) வழங்க அதே சட்டத்தின் 241ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த முகவராக என்னை நியமிக்காதே. நானும் ஒரு வாரிசு என்பதால் அது சின்ன மாமாவின் வாய்க்கு அவல் போட்டதாகிவிடும்.

இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று நீ எழுத்து மூலம் விலகவும் உரிமை உண்டு. ஆனால் ஒருமுறை அப்படி விலகினால் பிறகு புரொபேட் கேட்க முடியாது; வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் விலகுவதும் சிக்கல். அதனால் நீ முடிவு சொல்லும்வரை லாக்கரை யாரும் திறக்கவில்லை. மாடி வாடகையை வாங்கவும் உன் சார்பில் நான் கையெழுத்திடவில்லை. மாமாவின் பெயரிலேயே, எடுக்க முடியாதபடி, வரவு மட்டும் வைக்க வங்கியில் கேட்டிருக்கிறேன். உயிலின் நகலை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு, ஏற்கிறாயா இல்லையா என்பதை இந்த வாரத்துக்குள் எழுது. ஏற்பதாக இருந்தால் எதிர்வீட்டுப் பெரியவரை வழக்கறிஞரிடம் அழைத்துப்போக நாள் குறிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா