போகி நெருப்புல போற டி-ஷர்ட்டுக்காக ஒரு பக்கம் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மார்கழி பூரா உங்க பேப்பர்ல தினம் ஒரு கோலம் வருது, எங்க தெருவுல பாதி பேரு அத பாத்துதான் வாசல்ல போடறாங்க. அதே மாதிரி போகிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு பக்கம் முழுக்க ஸ்டென்சில் டிசைன், அதாவது ஷீட்டுல வெட்டி துணி மேல வச்சு பெயிண்ட் ஒத்தி எடுக்கற டிசைன், போடுங்கன்னு கேக்கத்தான் இந்த கடிதம்.

டயர், பிளாஸ்டிக் எரிக்காதீங்கன்னு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்லுது, ஆனா விடிகாலைல பாத்தா பழைய டி-ஷர்ட்டும் சேந்து எரியுது, பாலியஸ்டர் கலந்திருந்தா அதுவும் பிளாஸ்டிக்தான, உருகி ஒழுகி கரும்புகையா வருது. ஒரு காட்டன் டி-ஷர்ட்டுக்கு சுமார் 2,700 லிட்டர் தண்ணி செலவாகுதுன்னு கணக்கு சொல்றாங்க. சாயக்கழிவால நொய்யல் ஆறு கெட்டு, 2011ல ஹைகோர்ட்டே திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னத பாத்த ஊருக்காரங்க நாங்க, நெஞ்சுல ஒரு குழம்புக்கறை இருக்குன்னு நல்ல துணிய நெருப்புல போடறத பாத்தா வயிறு எரியுதுங்க.

அந்த கறை மேலயே ஒரு டிசைன் வந்துட்டா முடிஞ்சுது. பழைய எக்ஸ்ரே ஷீட்டுல வரைஞ்சு கட்டரால வெட்டி, துவைச்ச துணி மேல டேப் போட்டு ஒட்டிக்கணும், சட்டைக்குள்ள ஒரு அட்டை வைக்கணும், இல்லன்னா பெயிண்ட் முதுகுப் பக்கம் இறங்கிடும். பிரஷ்ஷால இழுத்தா ஓரத்துக்கு அடியில பூந்து டிசைன் கெட்டுடும், அதனால ஸ்பாஞ்சுல ஃபேப்ரிக் பெயிண்ட துளியூண்டு தொட்டு நேரா மேலருந்து ஒத்தி ஒத்தி எடுக்கணும், ரெண்டு கோட்டு லேசா கொடுக்கறது ஒரே கோட்டு திக்கா கொடுக்கறத விட நல்லா நிக்கும். கருப்பு துணின்னா முதல்ல அடியில வெள்ளை பெயிண்ட் ஒத்திக்கணும். ஒரு நாள் காயவிட்டு உள்பக்கம் திருப்பி ஸ்டீம் இல்லாம அயர்ன் பண்ணா கலர் பிடிச்சுக்கும், மூணு நாள் கழிச்சு துவைக்கலாம்.

உங்க ஆர்ட்டிஸ்ட் கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. தமிழ் எழுத்துல சுழி ஜாஸ்தி, 'அம்மா'ன்னு வெட்டினாலே சுழிக்குள்ள இருக்கற துண்டு கழண்டு விழுந்துடும், அங்கங்க வெட்டாம சின்னதா பாலம் விட்டு வரையணும். பசங்களுக்கு அது சட்டுனு வராது, வரையறவங்களுக்கு சுலபம். கலர் வேணாம், கருப்பு வெள்ளை போதும், அப்படியே ட்ரேஸ் எடுக்கற சைஸ்ல இருக்கட்டும்.

- ஒரு வாசகி, திருப்பூர்